ரோலருக்கு இடப்பக்கம்

சாலை போடுகிற இடத்தில் கொடி பிடிப்பதை யாரும் ஒரு வேலையாகவே மதிப்பதில்லை. ஒரு கையில் பச்சைக் கொடி, மறு கையில் சிவப்புக் கொடி, கழுத்தில் ஒரு விசில். நின்றால் போதும், சம்பளம் வந்துவிடும், இதில் என்ன பெரிய கஷ்டம் என்று கேட்பார்கள். அப்படிக் கேட்கிறவர்களைக் கொதிக்கிற தாருக்குப் பக்கத்தில், பின்னால் பார்க்காமல் பின்வாங்குகிற லாரிகளுக்கு நடுவில் அரை நாள் நிறுத்தி வைக்க வேண்டும். மத்தியானத்துக்குள் மதிப்பு தானாக வந்துவிடும்.

விசிலக்கா அந்த வேலையைத்தான் பார்த்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் வாங்கும்போது மட்டும் வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் மேஸ்திரியிலிருந்து தண்ணி லாரி டிரைவர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் விசிலக்காதான். சின்ன உருவம், பெரிய தொப்பி, காற்றடித்தால் அவளையும் சேர்த்துத் தூக்கிப் போய்விடுமோ என்று தோன்றுகிற ஆரஞ்சு மேல்சட்டை. ஆனால் விசிலை வாயில் வைத்து ஊதினால் கல் லாரிகூடச் சட்டென்று நிற்கும்.

அவளிடம் ஒரு விசேஷம் உண்டு. மற்ற கொடிக்காரர்கள் ஓரத்தில் நின்று கொடி காட்டுவார்கள். இவள் நிற்க மாட்டாள். தன் புருஷன் ஓட்டுகிற ரோலருக்குக் கூடவே நடப்பாள். ரோலர் முன்னே போனால் இவளும் முன்னே போவாள். பின்னே வந்தால் இவளும் பின்னே வருவாள். எப்போதும் இடப்பக்கம். காலையில் ரோலர் உறுமியதும், "ஊர்வலம் கிளம்பிடுச்சுடா, வழி விடுங்க" என்று தார் ஊற்றுகிறவர்கள் கத்துவார்கள். "கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் பிரிஞ்சிருக்க முடியல பாரு" என்பான் தண்ணி லாரிக்காரன். அவளும் சிரித்துக்கொண்டே கொடியின் கம்பால் அவனை ஒரு தட்டு தட்டிவிட்டு நடப்பாள்.

கேலிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவர்கள் கதையே ரோலரில் தொடங்கியதுதான். அப்போது அவள் ஜல்லிக் கூடை சுமக்கிற கூட்டத்தில் இருந்தாள். அவன் ரோலருக்குப் புதிது. ஒருநாள் கூடையோடு அவள் குறுக்கே போனாள், அவன் வண்டியை நிறுத்தினான். அதுவரை சரி. அவள் கடந்துபோய், ஜல்லியைக் கொட்டி, வெறுங்கூடையோடு திரும்பி வந்தபோதும் வண்டி அங்கேயேதான் நின்றது. "என்னடா, வண்டி மக்கர் பண்ணுதா?" என்று அந்தக் காலத்து மேஸ்திரி கத்தினார். "இல்லண்ணே, ஆள் குறுக்க போகுது" என்றான். "ஆள் போய் எவ்வளவு நேரமாச்சு? வாயை மூடிட்டு வண்டியை எடுடா!" இந்தக் கதையைக் கல்யாணத்திலும் சொன்னார்கள், மகளுக்குக் கல்யாணம் ஆனபோதும் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அவன் முகம் சிவந்து போகும்.

அவனுக்கு ரோலர் என்றால் உயிர். ஸீட்டில் போட்டுக்கொள்ள அவள் பழைய சட்டைத் துணிகளை ஒட்டுப் போட்டு ஒரு மெத்தை தைத்துக் கொடுத்திருந்தாள். அதை யாரும் தொடக்கூடாது. சாயங்காலம் அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போவான், காலையில் திரும்பக் கொண்டுவருவான். அந்த மெத்தையில் உட்கார்ந்துவிட்டால் அவன் ஆளே வேறு. கீழே இருக்கும்போது மேஸ்திரிக்குப் பயப்படுகிறவன், மேலே ஏறிவிட்டால் பெரிய இன்ஜினியரையே "ஓரமா போங்க சார்" என்பான்.

அவள் இடப்பக்கம் நடந்ததற்குக் காரணம் பாசம் என்று எல்லாரும் நினைத்தார்கள். பாசம்தான். ஆனால் அவர்கள் நினைத்த மாதிரி இல்லை. அவனுக்கு இடப்பக்கம் கண் தெரியாது.

அதை முதலில் கண்டுபிடித்தது அவள்தான். சாப்பிடும்போது இடக்கைப் பக்கம் இருக்கிற தண்ணீரைத் தட்டித் தட்டிக் கொட்டுவான். இவள் இடப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "எங்க போய்த் தொலஞ்ச?" என்று வீடு அதிரக் கூப்பிடுவான். முதலில் விளையாட்டு என்று நினைத்தாள், பிறகு திமிர் என்று நினைத்தாள், அதற்குப் பிறகுதான் கண்ணில் கோளாறு என்று பிடிபட்டது. இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். நேரே பார்த்தால் எல்லாம் தெரியும், பக்கவாட்டில் குறைவு, இடப்பக்கம் அறவே இல்லை. சொட்டு மருந்து விட்டால் இருக்கிறது நிற்கும், போனது வராது. "வண்டி ஓட்டுறதை மட்டும் இன்னையோட விட்டுடுங்க" என்றார்.

வெளியே வந்ததும் அவன் சொன்னான். "இது உனக்கும் எனக்கும் மட்டும்தான். வேற யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

"டாக்டர் சொன்னது காதுல விழலையா உங்களுக்கு?"

"விழுந்துச்சு. ரோலரை விட்டு இறங்கிட்டா நான் யாருடி? சொல்லு. யாரு நான்?"

இறங்கித்தான் ஆக வேண்டும் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது, அவள் இளகிவிட்டாள். அடுத்த வாரமே மேஸ்திரியிடம் போய், ஜல்லி சுமக்க முடியவில்லை, இடுப்பு வலிக்கிறது, கொடி பிடிக்கிற வேலை கொடுங்கள் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கிக்கொண்டாள். வீட்டில் உட்கார்ந்து இருவரும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். நீளமாக ஒரு விசில் என்றால் இடப்பக்கம் ஆள், திரும்பிப் பார். சின்னச் சின்னதாக இரண்டு என்றால் நிறுத்து. அன்றைக்குத் தொடங்கியதுதான் ஊர்வலம்.

இது தப்பு. பெரிய தப்பு. அவளுக்கும் அது தெரியும். ஒருநாள் தார் ஊற்றுகிற ஆள் ஒருவன் கழன்ற செருப்பை மாட்டிக்கொள்ள ரோலருக்கு இடப்பக்கம் குனிந்துவிட்டான். அவள் இரண்டு விசில் ஊதினாள், வண்டி நின்றது, அவனும் செருப்பை மாட்டிக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து போனான். அவள் தண்ணி லாரிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். அன்றிலிருந்து அவள் மனத்துக்குள் ஒரே வேண்டுதல்தான். அவர் இறங்க வேண்டும். ஆனால் நான் இறக்கினதாக இருக்கக்கூடாது.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் புது ரோலர் வந்து இறங்கியது. டிரைவர் வேண்டாமாம், தானாக ஓடுமாம். நாலு மூலையிலும் கையகலத்துக்கு நாலு கறுப்புப் பெட்டி, அதுதான் கண்ணாம். எத்தனை தடவை உருள வேண்டும், எங்கே இன்னும் இறுகவில்லை என்பதையெல்லாம் அதுவே கணக்குப் பார்த்துக்கொள்ளுமாம். கூடவே ஒரு இளம்பெண் வந்தாள், இன்ஜினியர், கையில் எந்நேரமும் டேப்லெட். அதனால் அவள் பெயர் டேப்லெட் மேடம் ஆகிவிட்டது. ரோலருக்கும் சாயங்காலத்துக்குள் பெயர் வைத்துவிட்டார்கள். புது மாப்பிள்ளை. பளபளவென்று இருக்கிறது, அதட்டினால் நகராது, எல்லாரும் சுற்றி நின்று உபசரிக்க வேண்டியிருக்கிறது; வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

யாருக்கும் அதைப் பிடிக்கவில்லை. "இன்னைக்கு ரோலர், நாளைக்கு நம்மளையும் தூக்கிட்டுத் தகர டப்பாவை நிறுத்துவானுங்க" என்று பொருமினார்கள். அவர்கள் பொருமியதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். விசிலக்கா மட்டும் அதில் சேரவில்லை. முதல் நாள் டேப்லெட் மேடம் எல்லார் முன்னாலும், ஓடுகிற ரோலரின் பக்கவாட்டில் திடுதிப்பென்று நுழைந்து காட்டினாள். இடப்பக்கம்தான். ரோலர் சட்டென்று நின்றது. கூட்டம் உதட்டைப் பிதுக்கியது. விசிலக்காவோ மறுநாள் காலையிலிருந்து யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, தன் மேல்சட்டை நுனியால் அந்த நாலு பெட்டிகளையும் தூசி போகத் துடைத்துவிடத் தொடங்கினாள்.

ஆனால் சோதனை ஓட்டம் முடிகிறவரை ஸீட்டில் ஒரு டிரைவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. ஏதாவது ஆனால் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த ஸீட்டில் அவள் புருஷன்தான் தன் மெத்தையைப் போட்டுக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

அங்கேதான் வந்தது வினை. அவன் மேலே இருக்க, ரோலர் நகர, இவள் கால் சும்மா இருக்குமா? இத்தனை வருஷப் பழக்கம். தானாகப் போய் இடப்பக்கம் நின்றது. ஆளைப் பார்த்ததும் புது மாப்பிள்ளை நின்றுவிட்டது. வண்டி நின்றால் கொடிக்காரி என்ன செய்வாள்? பச்சைக் கொடியை ஆட்டி, போ என்பாள். ஆட்டினாள். ஆட்ட ஆட்ட அது அசையாமல் நின்றது. "அட, போயேன்! அதான் பச்சை காட்டுறேன்ல?" என்று இன்னும் ஓரடி முன்னே போய் அதன் கண்ணெதிரிலேயே ஆட்டினாள். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

டேப்லெட் மேடம் ஓடிவந்தாள். "அக்கா, அதுக்குக் கொடி எல்லாம் தெரியாது. ஆள் பக்கத்துல இருந்தா நிக்கணும், அவ்வளவுதான் தெரியும். நீங்க தள்ளிப் போய் ஓரமா நில்லுங்க."

"சரிம்மா" என்று தள்ளிப் போவாள். கொஞ்ச நேரம் ஓரத்தில் நிற்பாள். ரோலர் திரும்பி வரும். மேலே அவன் தலை நேரே பார்த்தபடி இருக்கும், இடப்பக்கம் ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். அவள் கால் நகர்ந்துவிடும். அதற்குக் கண் இருக்கிறது, நாலு இருக்கிறது, நானேதான் காலையில் துடைத்தேன் என்று புத்தி சொல்லும். புத்தி சொல்லி முடிப்பதற்குள் ரோலர் நின்றிருக்கும். அந்த மெஷின் இங்கேயே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே ஆள் அவள். அதை ஓட விடாமல் கெடுத்ததும் அவள்தான்.

வாரம் முழுக்க இதே கூத்து. கடைசியில் பெரிய இன்ஜினியரே பார்க்க வந்தார். அவர் முன்னாலும் ரோலர் நின்று நின்று போனது. அவருக்குப் பொறுமை போய்விட்டது. "இப்படி நொண்டி அடிச்சா ரோடு எப்பம்மா முடியும்? வேணாம், திருப்பி அனுப்பிடுங்க. நாளைக்குக் காலையில பழைய ரோலரை எடுங்க. நம்ம ஆளு ஓட்டட்டும்" என்றார்.

கூட்டம் கை தட்டியது. டேப்லெட் மேடத்துக்கு உதடு துடித்தது. ரோலர் மேலே அவள் புருஷன், அது வந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தான். மெத்தையை ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது அவளுக்கு அவன்மேல் அப்படி ஒரு ஆசை வந்தது. கூடவே செருப்பு மாட்டக் குனிந்தவனின் முதுகும் ஞாபகம் வந்தது.

"சார்" என்றாள். "மெஷின் மேல தப்பு இல்ல. நான்தான் குறுக்க குறுக்க போறேன். ஒரே ஒரு தடவை ஓட விடுங்க. நான் அந்தக் கடைசிக்குப் போயிடறேன்."

"ஏய், உனக்கெதுக்கு இந்த வேலை?" மேலேயிருந்து அவன் குரல் வந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் போகமாட்டாள்.

பெரிய இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று கையை அசைத்தார். அவள் நடந்தாள். புதிதாகக் கொட்டிய மண் காலுக்கடியில் பொதுக் பொதுக்கென்று அமுங்கியது. ஜல்லிக் குவியல், தார் டிரம், எல்லாம் தாண்டி, சாலை முடிந்து வெறும் புல் தொடங்குகிற இடத்தில் போய்த் திரும்பி நின்றாள். ரோலர் அங்கிருந்து கையளவுதான் தெரிந்தது. அவன் அதைவிடச் சின்னதாகத் தெரிந்தான். அவன் வண்டியில் இருக்க இவ்வளவு தூரத்தில் அவள் நின்றதே இல்லை. கொடிக் கம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ரோலர் கிளம்பியது. நிற்கவே இல்லை. நூல் பிடித்த மாதிரி முன்னே வந்தது, பின்னே போனது, அடுத்த வரிசைக்கு நகர்ந்தது. பெரிய இன்ஜினியர் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டுவது தெரிந்தது. அப்போது டேப்லெட் மேடம், முதல் நாள் செய்தாளே அதே மாதிரி, இடப்பக்கத்திலிருந்து விறுவிறுவென்று ரோலரை நோக்கி நடந்தாள். ரோலர் நின்றது.

அவள் புருஷன் ஸீட்டில் எழுந்து நின்றான். ரோலர் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசிப் பழகிய தொண்டை. சாலையின் கடைசி வரைக்கும் கேட்டது.

"பாத்தீங்களா சார்! பாத்தீங்களா! ஒரு ஈ காக்கா இல்ல, சும்மா நிக்குது! இதுதான் சார் இதோட லட்சணம்!"

டேப்லெட் மேடம் அவனுக்கு இடப்பக்கம், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், நின்றுகொண்டிருந்தாள்.

தூரத்தில் நின்றவள் யோசிக்கவே இல்லை, விசில் வாய்க்குப் போய்விட்டது. நீளமாக ஒன்று. அந்தச் சத்தம் கேட்டதும் அவன், பல வருஷமாகச் செய்கிற மாதிரி, கழுத்தை முழுக்க இடப்பக்கம் திருப்பினான். அந்தப் பெண்ணைப் பார்த்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கூட்டம் ஒரு தடவை அவனைப் பார்த்தது, ஒரு தடவை சாலையின் கடைசியில் நின்ற அவளைப் பார்த்தது. ஊர்வலம் என்றால் என்ன என்று எல்லாருக்கும் அப்போதுதான் புரிந்தது. தண்ணி லாரிக்காரன் தலையைக் குனிந்துகொண்டான்.

பெரிய இன்ஜினியர் தாம்தூம் என்று குதித்தார். குதிக்க வேண்டியதுதான். யார்மேலாவது ஏறியிருந்தால் யார் பொறுப்பு என்று மேஸ்திரியைக் கேட்டார். வேலையை விட்டே அனுப்பிவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் மேஸ்திரி காலில் விழாத குறையாகக் கெஞ்சினார், டேப்லெட் மேடமும் இரண்டு வார்த்தை சொன்னாள். அவனை மெஷின் ஷெட்டில் கிரீஸ் போடுகிற வேலைக்கு மாற்றினார்கள். ஓடுகிற எந்த வண்டியிலும் ஏறக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். புது ரோலர் இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். விசிலக்காவுக்குச் செமத்தியாகத் திட்டு விழுந்தது; ஓரத்தை விட்டு ஓரடி நகர்ந்தாலும் வேலை கிடையாது என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

வீட்டில் அவன் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டான், சொட்டு மருந்து விட வந்தால் அண்ணாந்து கண்ணைக் காட்டினான், அவ்வளவுதான். மகள் போன் பண்ணினாள், அவளிடம் மட்டும் நன்றாகப் பேசினான். "கொஞ்ச நாள்தான்மா, சரியாயிடுவாரு" என்று மகளுக்குத் தைரியம் சொல்லிவிட்டு, விசிலக்கா பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று சத்தம் வராமல் அழுதாள். தான் செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? மெத்தையைக்கூட அவன் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. அது ஷெட்டில் எங்கோ கிடந்தது.

இப்படியே நாள் போனது. ஒரு மத்தியானம் அவள் ஓரத்தில், தன் இடத்தில், ஒரு குழாய்மேல் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். சாலையில் புது மாப்பிள்ளை தன் பாட்டுக்கு உருண்டுகொண்டிருந்தது. மேலே ஆள் இல்லை, சோதனை முடிந்துவிட்டது. ஷெட் பக்கமிருந்து அவன் வருவதைப் பார்த்தாள். கை முழுக்க கிரீஸ், அக்குளில் மெத்தை. வழக்கம்போல நேரே பார்த்துக்கொண்டு சாலையில் இறங்கினான். இடப்பக்கம் ரோலர் வந்துகொண்டிருந்தது. அவள் கை விசிலுக்குப் போனது.

ஊதுவதற்குள் ரோலர் நின்றுவிட்டது.

உறுமல் இறங்கியதைக் கேட்டுத்தான் அவன் நின்றான். கழுத்தை முழுக்கத் திருப்பினான். இரும்பு உருளையையும் கறுப்புப் பெட்டியையும் கொஞ்ச நேரம் பார்த்தான். அதுவும் பொறுமையாக நின்றது. பிறகு அவன் சாலையைக் கடந்து வந்தான், ரோலர் தன் வேலையைப் பார்க்கப் போனது.

"பெட்டி எல்லாம் நீதான் துடைக்கிறியாமே?" என்றான். அத்தனை நாளில் அதுதான் முதல் பேச்சு.

"யார் சொன்னா?"

"அந்தப் பொண்ணுதான் சொல்லிச்சு." திரும்பி ரோலரைப் பார்த்தான். "நல்லாத்தான் பாக்குது. என்ன இருந்தாலும் உன்னைப் பாத்து முதல்ல வண்டியை நிறுத்தினது நான்தான். அது அப்புறம் வந்தது. அதையும் தெரிஞ்சுக்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "ஆள் போய் எவ்வளவு நேரமாச்சு, வண்டியை எடுங்க" என்றாள்.

அவன் மெத்தையைக் குழாய்மேல் போட்டு, தட்டிச் சரிசெய்து, "குழாய் சுடுது பாரு, இதுல உக்காரு" என்றான். அவள் எழுந்து மெத்தையில் உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். பழக்கதோஷம், அவள் அவனுக்கு இடப்பக்கமாகவே அமைந்துவிட்டாள். அவன் டப்பாவை வாங்கினான், ஒரு வாய் சாப்பிட்டான், கழுத்தைத் திருப்பினான், திரும்ப நேரே பார்த்தான். பிறகு டப்பாவைக் கீழே வைத்துவிட்டான்.

"இந்தப் பக்கம் வா" என்றான்.

"ஏன், இங்க என்ன?"

"இத்தனை வருஷமா அந்தப் பக்கமே நடந்திருக்க. உன் விசிலைத்தான் கேட்டேனே தவிர, உன்னை நான் பாக்கவே இல்ல. இந்தப் பக்கம் வா."

அவள் மெத்தையை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து, அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள்.